டெப் கூப்பிட்ட பேர்

காலை ஐந்தே முக்காலுக்கு, பனி இன்னும் பப்பாசி மரங்களின் இடுப்பளவில் நிற்கும்போது, பெண்கள் பத்தொன்பது பேரும் கொட்டகை வாசலில் வரிசைக்கு வந்துவிடுவார்கள். தூணில் டெப் என்கிற சின்னத் தொடுதிரைக் கணினி ஒன்று கட்டியிருந்தது. ஒவ்வொருவராக அதற்கு முகத்தைக் காட்ட வேண்டும். அது கொஞ்ச நேரம் யோசித்து, "வணக்கம்" என்று பேரையும் சேர்த்துச் சொன்னால்தான் அன்றைக்கு வேலைக்கு வந்ததாகக் கணக்கு. வட்டக்கச்சியில் இருந்து வருகிற மலையகக் குடும்பத்துப் பெண்கள் இந்த வரிசையைப் பெரட்டு என்றார்கள். தேயிலைத் தோட்டத்தில் அவர்களுடைய தாய்மார் விடியப்புறம் நின்று பேர் கொடுத்ததற்கு அதுதான் பேர். பிள்ளைகள் வன்னியில் பிறந்து வன்னித் தமிழே பேசினாலும் அந்தச் சொல் மட்டும் கூடவே வந்துவிட்டது.

மேற்பார்வையாளன் விஜிதரன் பக்கத்தில் கொப்பியோடு நின்றான். கம்பனிக்கு வேறு தோட்டங்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் இந்த மலிவு டெப்பை வாங்கலாமா என்று மூன்று மாதம் பார்த்துச் சொல்லும் பொறுப்பு அவன் தலையில் விழுந்திருந்தது. தாளின் நடுவே கோடு போட்டு ஒரு பக்கம் நல்லது, மறுபக்கம் கெட்டது என்று எழுதி வந்தான். சார்ஜ் நாள் முழுக்க நிற்கிறது. சேற்றில் இரண்டு தரம் விழுந்தும் சாகவில்லை. தமிழ் பேசுகிறது. மறுபக்கத்தில், வெயில் ஏறினால் திரை தெரியாது, ஈரக் கை பட்டால் தானாகவே எதையாவது திறக்கும், மங்கல் வெளிச்சத்தில் கமெராவுக்குக் கண் தெரியாது என்று இருந்தது.

பேச்சியம்மாவின் முறை வந்தது. தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். திரையில் வட்டம் சுற்றியது.

"வணக்கம், சுப்பம்மா."

சுப்பம்மா பேச்சியம்மாவின் அக்கா. இதே தோட்டத்தில் வேலை செய்தவள். எலிக்காய்ச்சலில் செத்து இரண்டு மாதம் ஆகிறது. டெப் வந்த முதல் வாரம் பேச்சியம்மாவைப் பேச்சியம்மா என்றுதான் கூப்பிட்டது. செத்த வீட்டுக் காரியங்கள் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய நாளில் இருந்துதான் பேர் மாறியது. பின்னால் நின்ற நிரோஜா ஒருநாள் டெப்பின் விளிம்பில் திருநீறு பூசிவிட்டாள். கமெரா மங்கிப்போகும் என்று விஜிதரன் அதைத் துடைத்துவிட்டான்.

பேச்சியம்மாவுக்குப் பயத்தைவிட வயிற்றெரிச்சல்தான் கூட. அவள் பேருக்கு நேரே இரண்டு மாதமாக, வரவில்லை என்கிற சிவப்புப் புள்ளி. மூன்று மாத முடிவில் பத்துப் புள்ளிக்கு மேல் உள்ளவர்களை நிப்பாட்டிவிடுவார்கள். மற்றவர்களுக்கு நிரந்தர வேலை. அவள் ஆறு வருடமாக நாள் வேலைக்கு வருகிறவள். வீட்டில் இரண்டு பேர் படிக்கிறார்கள்.

"சேர், என்ர பேரில போடுங்கோவன். நான் உங்களுக்கு முன்னாலதானே நிக்கிறன்."

"கையால போட இது விடாது, பேச்சியம்மாக்கா. செத்தவாவின்ர பேரை எடுக்கச் சொல்லி மூண்டு தரம் கொழும்பு ஒபீசுக்கு எழுதிட்டன். ஒவ்வொரு நாளும் வேலைக்கு வாற ஆள் எப்பிடிச் செத்தது எண்டு கேக்கினம்."

பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் அவள் தனியாக அவனிடம் வந்தாள்.

"சேர், ஒரு பிழை செய்துபோட்டன். டெப் வந்து எல்லாற்ற முகத்தையும் பதிஞ்ச அண்டைக்கு அக்கா வரேல்ல. காய்ச்சலோட படுத்துக் கிடந்தவா. பெரட்டில ஒராள் இல்லாட்டி கூடப்பிறந்ததுகள் பேர் குடுக்கிறது எங்கட ஆக்களின்ர வழக்கம். அவாவின்ர பேருக்கும் நான்தான் முகத்தைக் காட்டினனான். துண்டை அவா மாதிரிக் கட்டிக்கொண்டு போனனான்."

விஜிதரனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. டெப்பைத் தூணில் இருந்து அவிழ்த்து, சுப்பம்மாவின் பேரில் பதிந்த படத்தைத் திறந்து காட்டினான்.

"அப்ப இது நீங்கள்தானே?"

பேச்சியம்மா திரையை நிழலுக்குள் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"துண்டு நான் கட்டினதுதான்," என்றாள். "ஆனா இதில சிரிக்குது, சேர். அண்டைக்கு நான் சிரிக்கேல்ல. அக்காவைக் காய்ச்சலோட விட்டிட்டு வந்தனான், எப்பிடிச் சிரிப்பன்?"

அவன் டெப்பை வாங்கிக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான். கை மயிர் சிலிர்த்ததை அவள் பார்த்துவிடக்கூடாது என்று சேட்டுக் கையை இறக்கிவிட்டான்.

"உள்ளதை எழுதினா என்ன நடக்கும், சேர்?"

"ஆள்மாறாட்டம் எண்டு உங்களை நிப்பாட்டுவாங்கள். பாக்காமல் பதிஞ்சதுக்கு என்னையும்."

அன்று மத்தியானம் அவன் கெட்டது பக்கத்தில் 'முகத்தை மாற்றிச் சொல்லும்' என்று மட்டும் எழுதி அனுப்பினான். கொழும்பு அதை ஏற்கவில்லை. பத்தொன்பது பேர் வருகிறார்கள், டெப்பும் பத்தொன்பது வணக்கம் சொல்கிறது, இதில் எங்கே பிழை என்று பதில் வந்தது.

மூன்றாம் மாத முடிவில் பட்டியல் வந்தது. பேச்சியம்மா, தொடர்ந்து வேலைக்கு வராததால் நீக்கம். சுப்பம்மா, வராதது ஒன்பது நாள் மட்டுமே என்பதால் நிரந்தரம். காய்ச்சலும் செத்த வீடும் சேர்ந்த நாட்கள் அந்த ஒன்பதும்.

"இனி சுப்பம்மா எண்டே வாங்கோ, அக்கா," விஜிதரன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "பேச்சியம்மாவை உள்ள விடக்கூடாதெண்டு வாசல் காவலுக்கு அறிவிச்சிட்டினம்."

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் எந்தப் பேருக்கு அழுவது என்று தெரியாமல் நின்றாள்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு பெட்டி வந்தது. நிரந்தர ஆட்களுக்கு முழங்கால் உயர றப்பர் சப்பாத்து. போன மாரியில் எல்லோருடைய கால் அளவையும் எழுதிக்கொண்டு போனது இதற்குத்தான். வாய்க்கால் தண்ணீரில் வெறுங்காலோடு நின்றால் எலிக்காய்ச்சல் பிடிக்கும், இதைப் போடாமல் ஒருவரும் இறங்கக்கூடாது என்று விஜிதரன் தாளைப் பார்த்து வாசித்தான். பிறகு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டான்.

"சுப்பம்மா."

பேச்சியம்மா போய் வாங்கினாள். நிலத்தில் குந்தி, காலில் இருந்த சேற்றைப் பாவாடை விளிம்பில் துடைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தாள். அக்காவுக்குப் பெரிய பாதம். எழுந்து மற்றவர்களின் பின்னால் வாய்க்கால் வரம்பில் நடந்தாள். அவள் கால் முதலில் எழும்பியது, சப்பாத்து ஒரு கணம் பிந்தி வந்து விழுந்தது. ஓர் அடி வைக்க இரண்டு அடிச் சத்தம் கேட்டது. முன்னால் போன நிரோஜா நடையை விரைவாக்கினாள், திரும்பிப் பார்க்கவில்லை.