அக்கரையில் மூன்று கடிதங்கள்

அண்ணனின் கடைசிக் கடிதம் வந்து முப்பத்தாறு நாள் ஆகியிருந்தது. இந்தக் கணக்கை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்பா மட்டும் காலையில் பல் விளக்கும்போது இன்றைக்கு என்ன கிழமை என்று என்னைக் கேட்பார். கிழமை அவருக்குத் தெரியும். தபால்காரர் வரும் நாளா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன் அரசப்பன் ஆனி மாதம் பட்டாளத்தில் சேர்ந்தான். நீலகிரியில், வெலிங்டனில் பயிற்சி. ஆளெடுத்த இடத்தில் கொடுத்த படிவத்தில் தெருப் பெயரும் கதவு எண்ணும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவுக்குப் பெயர் இல்லை, வீடுகளுக்கு எண்ணும் இல்லை. தெருவில் எல்லோரும் எழுதுகிற மாதிரியே அவனும் ‘பண்ணையார் மேற்பார்வை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டான். தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வந்ததே இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பண்ணைக் களத்தில் ஏஜெண்டு இராஜாங்கத்திடம் கொடுத்துவிட்டுப் போவார். வேலைக்குப் போனவர்கள் சாயங்காலம் திரும்பும்போது வாங்கி வருவார்கள். அது ஒரு குறையாகவே யாருக்கும் தோன்றியதில்லை.

புரட்டாசியில் குறுவை அறுப்புக் கூலித் தகராறு வந்தது. வேலைநிறுத்தம். பண்ணையார் முன்பு கதர்த் துண்டு போட்டவர். ஆட்சி மாறிய வருஷம் கறுப்பு சிவப்புக் கரை போட்ட துண்டுக்கு மாறிக்கொண்டார். அதனால் மந்திரி வந்து பேசினாலும் அவர் பக்கம்தான் பேசுவார் என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை இரண்டு தடவை நடந்து முறிந்தது. அப்பா மருதையன் சங்கத்தின் கிளைச் செயலாளர். கூலி முடிவாகும் வரை நம் தெருவில் ஒருத்தரும் பண்ணைக் களத்தில் கால் வைக்கக் கூடாது என்று கொடிமரத்தடியில் நின்று சொன்னவர் அவர்தான். எல்லோரும் கை தூக்கினார்கள். அம்மாவும் நானும்கூடத் தூக்கினோம். அண்ணனின் கடிதங்களும் அந்தக் களத்துக்குத்தான் வரும் என்பது அப்போது ஒருத்தர் நினைவுக்கும் வரவில்லை.

நாங்களாக எழுதவும் வழியில்லை. கடைசிக் கடிதத்தில், பட்டாளத்தில் வேறு கம்பெனிக்கு மாற்றப்போகிறார்கள், பழைய விலாசத்துக்கு எழுத வேண்டாம், புது விலாசம் அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தான். எட்டாம் வகுப்போடு நின்ற நான்தான் வீட்டில் படிக்கத் தெரிந்தவள். அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்துக் காட்டினேன் என்று எனக்கே தெரியாது. தொடர்ந்து ஓடியதில் காலில் கொப்புளம், ஆனால் வயிறு நிறையச் சோறு போடுகிறார்கள் என்ற இடம் வரும்போது அம்மா நிறுத்தச் சொல்வாள்.

பஞ்சாயத்து ரேடியோவில் தினமும் எல்லைச் செய்தி. சண்டை வரும் என்றார்கள். பயிற்சி முடியாதவர்களையே ரயிலில் ஏற்றி வடக்கே அனுப்புகிறார்கள் என்று டீக்கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் மதகடியில் தபால்காரரின் சைக்கிளை நிறுத்திக் கேட்டார். விலாசத்தில் பண்ணை என்று இருந்தால் பண்ணையில்தான் கொடுக்க முடியும் என்று சொல்லிவிட்டு அவர் மிதித்துப் போய்விட்டார். கடிதம் வந்ததா வரவில்லையா என்றுகூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை கீழ்வேளூர் டீக்கடையிலிருந்து திரும்பிய அரசப்பனின் சேக்காளி ஒருவன் செய்தி கொண்டுவந்தான். பண்ணையார் எல்லோர் முன்னாலும் சொன்னாராம்: "மருதையனுக்கு மூணு கடுதாசி கெடக்கு. வந்து வாங்கிக்கச் சொல்லு. வரும்போது கருக்கருவாளையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."

அறுக்க வந்தால்தான் கடிதம் என்று அதற்கு அர்த்தம். அவர்கள் வயலில் நெல் முற்றிச் சாய்ந்து கிடந்தது. மழை இறங்குவதற்குள் அவர்களுக்கு ஆள் வேண்டும். அப்பா போனால் தெருவே போகும் என்று பண்ணையாருக்குத் தெரியும்.

தெருவில் எல்லோரும் வீட்டு முன் கூடிவிட்டார்கள். நீ போய் வாங்கிட்டு வா மருதையா, நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம் என்று தர்மாம்பாள் அத்தையே சொன்னாள். கூலி இல்லாமல் மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தவள் அவள். அப்பா மாட்டேன் என்று தலையசைத்தார். இன்றைக்குக் கடிதத்துக்கு நான் போனால் நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தன் போவான், அவனை நான் என்ன சொல்லித் தடுப்பேன் என்று கேட்டார்.

எல்லோரும் போன பிறகு அம்மா அவர் முன்னால் வந்து நின்றாள்.

"களத்துல கால் வைக்கக் கூடாதுன்னுதான சொன்னீங்க. காது வைக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நிப்போம். அந்த ஏஜெண்டு அங்கேருந்து படிக்கட்டும்."

"அவன் எதுக்குடி நமக்குப் படிக்கப் போறான்?"

"கேட்டாத்தான தெரியும்."

செவ்வாய்க்கிழமை காலை மூன்று பேரும் போய் இக்கரையில் நின்றோம். தண்ணீர் இடுப்பளவு ஓடியது. அக்கரையில் களம், அதற்கப்பால் வைக்கோல் போர், பண்ணை வீட்டின் ஓடு. இராஜாங்கம் எங்களுக்காகவே நிற்கிறவர் மாதிரி கரையில் நின்றுகொண்டிருந்தார். அம்மா கேட்டதும் மறுப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு தடவை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த மூன்று உள்நாட்டுக் கடிதங்களை எடுத்தார். மூன்றும் பிரிந்திருந்தன.

"பிரிச்சிட்டீங்களா?" என்றார் அப்பா.

"ஐயா பிரிச்சாரு. நேத்தே ஆள் விட்டுச் சொல்லலாம்னு பாத்தேன் மருதையா. பயமாயிருந்துச்சு. கடைசிக் கடுதாசிய மொதல்ல படிக்கிறேன், கேட்டுக்க."

அவர் கடிதத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்தார். போன புதன்கிழமை தேதி. இது மூன்றாவது கடிதம், புது விலாசம் அனுப்பியும் ஏன் பதிலே இல்லை என்று அண்ணன் கேட்டிருந்தான். கூடப் பயிற்சி எடுக்கும் திருத்துறைப்பூண்டிப் பையனுக்கு வீட்டிலிருந்து கடிதம் வந்ததாம். கீழ்வேளூர்ப் பக்கம் அறுப்புத் தகராறில் அடிதடி, சங்கத் தலைவர் ஒருவர் செத்துப்போனார் என்று அதில் இருந்ததாம். யார் என்று இல்லை. அப்பாவா என்று கேட்டிருந்தான். லீவு கேட்டேன், ஹவில்தார் பயிற்சி முடியாமல் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன், அதற்குள் கடிதம் வராவிட்டால் சுவரேறிக் குதித்து வந்துவிடுவேன், அப்பா முகத்தைப் பார்க்காமல் இனி என்னால் துப்பாக்கியைப் பிடிக்க முடியாது.

இராஜாங்கம் கடிதத்தைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கெழம போயி ரெண்டு நாளாச்சு," என்றார்.

அம்மாதான் கேட்டாள், சொல்லாமல் ஓடி வந்தால் என்ன செய்வார்கள் என்று. பிடித்தால் ஜெயில்தான், அப்புறம் எந்த சர்க்கார் உத்தியோகமும் கிடையாது என்றார் அவர். நேற்று ராத்திரி ரயில் ஏறியிருந்தால் இன்றைக்குப் பதினொரு மணி வண்டியில் கீழ்வேளூரில் இறங்குவான், இன்னும் கிளம்பாமல் இருந்தால் ஒரு தந்தி போய்ச் சேர்ந்தால் நின்றுவிடுவான் என்று கணக்கும் போட்டுச் சொன்னார். அவர் இதை ராத்திரியெல்லாம் யோசித்திருக்கிறார் என்று தெரிந்தது.

தந்திக்கு விலாசம் வேண்டும். அது யாருக்கும் தோன்றவில்லை. வெளியாட்களிடம் நான் பேசுவதில்லை. தெருவில் யாராவது பெயர் கேட்டாலே அம்மாவுக்குப் பின்னால் போய்விடுவேன். அன்றைக்கு என் குரல் தண்ணீரைத் தாண்டிப் போய் பண்ணை வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பியது.

"விலாசத்தப் படிங்க. மெதுவாப் படிங்க."

அவர் படித்தார். பென்சில் கொண்டு போகவில்லை. மூன்று தடவை படிக்கச் சொல்லி மனப்பாடம் செய்தேன்.

அப்போது மணி பத்து இருக்கும். ஆற்றங்கரையைச் சுற்றிக்கொண்டு கீழ்வேளூர் போக ஒன்றரை மணி நேரம். களத்தின் வழியாகப் போனால் எதிரே சாலை, முக்கால் மணியில் போய்விடலாம். இராஜாங்கம் வழியை விட்டு ஒதுங்கி நின்றார். எங்களுக்குப் பின்னால் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து நின்றிருந்தார்கள்.

அப்பா அவர்களைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த சங்கத்துச் சிவப்புத் துண்டை எடுத்து மடித்து அம்மாவின் கையில் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். நானும் இறங்கினேன். அக்கரை ஏறியதும் இராஜாங்கத்தின் கையிலிருந்த கடிதங்களைக் கேட்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டு களத்தின் நடுவில் நேராக நடந்தார். பண்ணை வீட்டு வாசலில் பண்ணையார் நாற்காலியிலிருந்து எழுந்தார். "வா மருதையா, வழிக்கு வந்தியா?" என்றார். அப்பா திரும்பவில்லை. எங்கள் ஈரக் கால்கள் காய்ந்த களத்தில் பட்டுப் பட்டுப் பதிந்தன. பின்னால் தெருப் பெண்களிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

தபாலாபீசில் நான் விலாசம் சொன்னேன், குமாஸ்தா எழுதிக்கொண்டார். ‘அப்பா நலம். எல்லோரும் நலம். அங்கேயே இரு.’ இன்றைக்கே போய்விடுமா என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். போகும், ஆனால் உள்ளே பையன் கைக்கு எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்றார் குமாஸ்தா.

ஸ்டேஷனுக்கு ஓடினோம். வண்டி வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஆனி மாதம் அண்ணனை ஏற்றிவிட்ட அதே பிளாட்பாரம். அன்றிலிருந்து அவன் இறங்கி வருகிற நாளைத்தான் அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவன் இறங்கிவிடக் கூடாது என்று வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாரியம்மா, என் புள்ளைய இதுல கொண்டாந்து எறக்கிடாதே என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. சங்கத்தில் சேர்ந்த பிறகு அவர் சாமி பெயர் சொல்லி நான் கேட்டதில்லை.

வண்டி வந்தது. நடுப் பெட்டியிலிருந்து ஒட்ட வெட்டிய தலையோடு ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கினான். கையில் தகரப் பெட்டி. அப்பா பிளாட்பாரத்தில் பாதி தூரம் ஓடினார். அவன் திரும்பினான். மொட்டையடித்து முடி முளைத்த யாரோ. தோளில் கை வைக்கப் போன அப்பாவை அவன் பயந்துபோய்ப் பார்த்தான்.

வண்டி புறப்பட்டுப் போகும் வரைக்கும் அப்பா ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு கூடவே நடந்தார். பிறகு என்னிடம் திரும்பி வந்தார்.

"வரல," என்றார். முகம் வேர்த்திருந்தது. சிரிக்கவும் செய்தார். "வண்டியில இல்லன்னா அங்கதான இருக்கான்னு அர்த்தம்?"

"ஆமாம்ப்பா," என்றேன்.

சுவரேறும்போது பிடிபட்டிருந்தாலும் வண்டியில் இருக்க மாட்டான். நேற்றுக் கிளம்பாமல் இன்றைக்குக் கிளம்பியிருந்தாலும் இருக்க மாட்டான். நான் சொல்லவில்லை. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்கும் அது தோன்றிவிட்டது.

போர்ட்டரிடம் போய் அடுத்த வண்டி எப்போது என்று கேட்டுவிட்டு வந்தார். நாலு மணிக்கு.

"அதையும் பாத்துட்டே போவோம். தெருவுல நான் பதில் சொல்லணும். அதுக்கு முன்னால இது தெரியட்டும்," என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்டவாளம் மேற்கே போகும் பக்கமாகவே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.