பச்சை காட்டிய பெயர்

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"சுத்துது... சுத்துது... இன்னும் சுத்துது. கஸ்டமர் இந்நேரம் அடுத்த கடைக்கே போயிருப்பாருப்பா!"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான். மனசுக்குள் சுருக்கென்றது.

இணையதளங்களுக்குப் பெயர் பதிந்து தரும் நிறுவனம் அது. மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள், ஏழெட்டுப் பேர். தளத்தின் முகப்பில் ஒரு பெட்டி இருக்கும். வேண்டிய பெயரை அதில் தட்டினால், அது காலியாக இருந்தால் பச்சை வரும், யாராவது எடுத்திருந்தால் சிவப்பு வரும். அதற்கான நிரலை எழுதியவன் அவன்தான். முறையாகத்தான் எழுதியிருந்தான். ஒவ்வொரு பெயரையும், எந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கணக்கை வைத்திருக்கும் பதிவகத்தின் கணினியிடம் கேட்டு, பதில் வந்த பிறகுதான் நிறம் காட்டும். பதிவகம் சில நேரம் ஆமை மாதிரி பதில் சொல்லும். சில நேரம் வாயே திறக்காது.

"இதை வேகமா பண்ண வழி இருக்கா, இல்லையா?" என்றார் மேலாளர்.

வழி இருந்தது. பதிவகத்தைக் கேட்காமல், அந்தப் பெயரில் ஏதாவது தளம் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். ஓடவில்லையா, பச்சை. பதிலே வரவில்லையா, அதற்கும் பச்சை. வீட்டில் விளக்கு எரியவில்லை என்பதற்காக அந்த வீட்டுக்குச் சொந்தக்காரரே இல்லை என்று சொல்வது போலத்தான் அது. அவனுக்கு அது நன்றாகவே தெரியும். எத்தனையோ பேர் பெயரை வாங்கிப்போட்டுவிட்டுத் தளம் தொடங்காமல் இருப்பார்கள். 'நூத்துல ஒண்ணு ரெண்டு தப்பும், அவ்வளவுதானே' என்று மனசைத் தேற்றிக்கொண்டு மாற்றி எழுதினான்.

அன்றிலிருந்து கண்ணிமைப்பதற்குள் நிறம் வந்தது. வியாபாரம் சூடு பிடித்தது. மேலாளர் எல்லார் முன்னாலும் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சில வாரம் கழித்து, முற்பகல் வேளையில் ஒரு பெண் படியேறி வந்தாள். அவன் வயதுதான் இருக்கும். கையில் வண்டிச் சாவி. மூச்சு வாங்கியது.

"பச்சைன்னு காட்டுனீங்களே, அந்த ஆளு யாரு?"

யாருக்கும் புரியவில்லை. அவள் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் போட்டாள். ஒரு வேனின் படமும் அதற்குக் கீழே இணையதளத்தின் பெயரும் அச்சாகியிருந்தன.

அவள் சொந்தமாக வேன் ஓட்டுகிறவள். நடக்க முடியாத நோயாளிகளைச் சக்கர நாற்காலியோடு ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய், திரும்ப வீட்டில் விடுவதுதான் தொழில். வண்டி ஓட்டும்போது போனை எடுக்க முடிவதில்லை. அதனால் தளம் ஒன்று இருந்தால் அதிலேயே பதிவு செய்துகொள்ளட்டும் என்று நினைத்தாள். பெயரைத் தட்டியதும் பச்சை வந்தது. பணம் கட்டினாள். 'பெயர் உங்களுக்கே, பதிவு வேலை நடக்கிறது' என்று செய்தியும் வந்தது. சில நாளில் தளமும் தயாராகிவிடும் என்று, அதை நம்பி அட்டை அடித்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டாள். அந்தப் பெயரைப் பதிய முடியவில்லை என்று பிற்பாடு போன மின்னஞ்சலை, நாள் பூராவும் ரோட்டில் இருப்பவள் பார்க்கவே இல்லை.

அந்தப் பெயர் எங்கோ வேறொரு ஊரில் வாடகை வண்டி விடும் ஒருவருடையது. எப்போதோ வாங்கி வைத்திருந்தவர், அவள் அட்டை கொடுத்த வாரம்தான் தளத்தைத் திறந்திருந்தார். அவர் மேலும் குற்றமில்லை.

"டயாலிசிஸுக்கு ஒரு டெய்லரைக் கூட்டிட்டுப் போவேன்," என்றாள் அவள். "ஆஸ்பத்திரில இந்த வாரம் நாளை மாத்திட்டாங்க. அட்டையைப் பாத்து, அதுல இருந்த சைட்டுல புது நாளைப் பதிஞ்சிருக்காரு. பதிவாயிடுச்சுன்னு பதிலும் வந்திருக்கு. எனக்கு எப்படித் தெரியும்? நான் பழைய நாள்தான்னு நெனச்சிட்டிருந்தேன்." அட்டையை விரலால் தட்டினாள். "அவரு வாசல்லயே உக்காந்திருந்திருக்காரு. இப்ப ஐசியூல கெடக்காரு."

மேலாளர் முன்னால் வந்தார். "அம்மா, விதிமுறைகள்ல தெளிவா போட்டிருக்கோம். பச்சைங்கிறது ஒரு உத்தேசம்தான்..."

"உத்தேசம்னா பச்சையில ஏன் காட்டுறீங்க?"

மேலாளர் மேசையில் இருந்த காகிதங்களைப் புரட்டினார். அதற்கான பதில் அவனிடம் இருந்தது. ஆனால் அவன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் அட்டையைக்கூட எடுக்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம், பதிவில் இருந்த அவள் எண்ணில் விசாரித்துக்கொண்டு அவன் அந்த மருத்துவமனைக்குப் போனான். எதற்குப் போகிறோம், என்ன பேசப்போகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் தையல்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவனை யாரோ தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டு, நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"ஏற்கெனவே ஒடம்புல தண்ணி கோத்திருந்துச்சு தம்பி. நேரம் ஆக ஆக வண்டியக் காணோம். அந்த வேன்காரப் பொண்ணுக்கு ஒரு போன் போடுறேன்னேன். அவருதான் வேணாம்னுட்டாரு. 'வண்டி ஓட்டிட்டிருக்கும், தொந்தரவு பண்ணாத. அதான் பதில் வந்திருச்சே, வந்துரும்'னு சொன்னாரு. சட்டைய மாட்டிக்கிட்டு, வாசல்ல நாற்காலியப் போட்டு, ரோட்டையே பாத்துட்டிருந்தாரு. ராத்திரி மூச்சு முட்டிருச்சு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயில் குழாயோடு ஒரு மனிதர் படுத்திருந்தார். நூல் கோத்துப் பழகிய விரல்கள் போர்வைக்கு வெளியே அசையாமல் கிடந்தன.

"அந்த அட்டையில இருக்கிற பேரு கிடைக்கும்னு தப்பா காட்டுன புரோகிராம எழுதினது நான்தான்மா," என்றான் அவன். "சரியா கேட்டுப் பாக்காம காட்டுச்சு. அது எனக்குத் தெரியும்."

அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. திட்டவில்லை. திரும்பிக் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

தையல்காரர் பிழைத்துக்கொண்டார். ஆனால் பழைய ஆளாக எழுந்து வரவில்லை. தையல் எந்திரத்தின் முன்னால் உட்காரத் தெம்பில்லாமல் போய்விட்டது.

அவன் நிரலைத் திரும்பப் பிரித்தான். பதிவகத்தைக் கேட்ட பிறகே பச்சை, பதிவகம் சொன்னால்தான் சிவப்பு. பதில் வரவில்லை என்றால் மஞ்சள்: 'இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தயவுசெய்து காத்திருங்கள்.' பெயர் முழுதாகப் பதிவாகும்வரை 'உங்களுக்கே' என்ற சொல் யாருக்கும் போகாதபடியும் செய்தான். பிறகு, பச்சை பார்த்துப் பணம் கட்டிவிட்டுப் பெயருக்காகக் காத்திருந்த வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டான்.

மேலாளர் அறைக்கு அழைத்தார்.

"தெரியலைன்னு போர்டு மாட்டிட்டு எவனாவது கடை நடத்துவானா? உனக்கென்ன மூளை கலங்கிடுச்சா?"

"தெரியலைங்கிறதுதான் சார் உண்மை."

"கஸ்டமருக்கு உண்மை வேணாம்ப்பா, பதில் வேணும். உடனே வேணும். நீ மாட்டேன்னா வேற ஆளை வச்சு மாத்திக்கிறேன்."

"மாத்துங்க சார். ஆனா அதுக்கு முன்னாடி ஒருதரம் அந்த டெய்லர் வீட்டுக்குப் போயிட்டு வாங்க. போயிட்டு வந்த அப்புறமும் மாத்தணும்னு தோணுச்சுன்னா நான் தடுக்கல, கிளம்பிடுறேன்."

மேலாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவன் நின்ற இடத்திலிருந்து நகராமல், குரலை உயர்த்தாமல் சொன்னான்:

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்றது பொய் சார். நாம சொன்னாலும் பொய்தான், நாம எழுதின மெஷின் சொன்னாலும் பொய்தான். மெஷின் சொன்னா சனங்க ரெண்டாவது தடவை யோசிக்கவே மாட்டாங்க. அப்படியே நம்பிடுவாங்க. அவ்வளவு நம்புறவங்களுக்கு நாம குடுக்க வேண்டியது வேகமில்ல சார், உண்மை. 'தெரியல, கொஞ்சம் பொறுங்க'ன்னு சொல்லியிருந்தா, அந்த மனுஷன் இன்னைக்குத் தன் கடையில தைச்சிட்டிருப்பாரு."