ஒன்பது மில்லிமீற்றர்

ரூபிகாவின் கார் வளைவுகளில் முனகத் தொடங்கி அரை வருடம் இருக்கும். வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்பக்கம் முழுவதும் ஒருமுறை நெளிந்து நிமிர்வதுபோல இருக்கும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் நழுவும். சக்கரங்களை நேராக்கும் வீல் எலைன்மன்ட் இரண்டு தரம் செய்தாயிற்று. ஒரு மாதம் நேராக ஓடிவிட்டு மறுபடியும் பழைய குணத்துக்குத் திரும்பிவிடும்.

அவளால் அதைப் பொறுத்துக்கொண்டு இருக்க முடியாது. பக்கவாதம் வந்தவர்களுக்கும் முழங்கால் மாற்றியவர்களுக்கும் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிற இயன்மருத்துவர் அவள். கொழும்பில் காலையில் தெஹிவளை, பிறகு கொம்பனித்தெரு, பின்னேரம் முகத்துவாரம் என்று நாள் முழுவதும் அந்தக் காரில்தான் ஓட்டம். எட்டு வருடத்துக்கு முன் வாங்கியபோதே அது பழைய கார். பழைய கார்களின் உடல் தளர்ந்துபோகும் என்றும், பொனட்டுக்குள் முன்சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் ஷொக்குகள் இரண்டும் மேலே பூட்டியிருக்கிற இடங்களைக் குறுக்கே ஒரு கம்பியால் இணைத்தால் அந்த நெளிவு குறையும் என்றும் இணையத்தில் படித்தாள். ஸ்ட்ரட் பார் என்று அதற்குப் பெயர்.

விஷயத்தைக் கணவன் சிவபாலனிடம் சொன்னபோது அவன் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "வாங்கிறதெண்டால் நல்லதா வாங்கும். தெஹிவளைக் கடையில புது அலுமினியம் பார் இருக்காம்" என்றான்.

"அது எழுபத்தையாயிரம். பஞ்சிகாவத்தையில பழசு இருபதுக்கும் எடுக்கலாம்."

"காசை நான் தாறன். நீர் புதுசை எடும்."

ரூபிகா அவனை வியப்போடு பார்த்தாள். குடை உடைந்தால் கம்பி மாற்றிப் பாவிக்கிற மனுஷன் அவன். கோட்டையில் கப்பல் முகவர் கம்பனியில் வேலை. வெள்ளவத்தையிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறவன். முந்தியெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு எங்கேயாவது கிளம்புவான். இப்போது அதையும் விட்டுவிட்டான். பெற்றோல் விலையை யோசிக்கிறானாக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படிப்பட்டவன் எழுபத்தையாயிரம் தருகிறேன் என்கிறானே!

"வீண் செலவு" என்று சொல்லி, கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கிற ஸ்ரனிஸ்லாஸுக்குப் போன் எடுத்தாள். இரண்டு வருடமாக ஒயில் மாற்றுவதும் பிரேக் பார்ப்பதும் அவரிடம்தான்.

"பளபளப்பைப் பார்த்து எடுக்காதீங்க மிஸ்" என்றார் அவர். "ரெண்டு முனையிலயும் மூட்டு வச்சு போல்ட் போட்டிருந்தா அது ஆடும். படம் எடுக்கத்தான் நல்லது. ஒரே துண்டா வெல்ட் பண்ணின இரும்புப் பார் போதும். முனையில இருக்கிற தட்டு தடிப்பா இருக்கணும். உங்க மொடலுக்கே செஞ்சதா பாருங்க, இல்லாட்டி பொனட் மூடாது."

வியாழக்கிழமை முகத்துவாரத்து அம்மா பயிற்சிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் ரூபிகாவுக்கு இரண்டு மணித்தியாலம் கிடைத்தது. பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு நேரே போனாள். முதல் கடையில் சிவப்பு நிறத்தில் ஒன்று தொங்கியது. பார்க்க ஆசையாக இருந்தது. கையில் எடுத்து முறுக்கினால் இரண்டு முனையும் ஆடின. அடுத்த கடையில் இருந்தது வேறு மொடலுக்கானது. மூன்றாவது கடையில், என்ஜின்களுக்கும் கதவுகளுக்கும் நடுவே, ஒரு சாம்பல் நிறக் கம்பி கிடந்தது. ஒரே துண்டு. முனைத் தட்டுகள் அவள் சுண்டுவிரல் தடிப்பு. ஓரத்தில் கொஞ்சம் துருக் கறள். கடைக்காரர் தங்கச்சி என்ற அர்த்தத்தில் "நங்கி, நங்கி" என்று கூப்பிட்டு, அதே மொடல் காரில் இருந்து தன் கையாலேயே கழற்றியது என்று சிங்களத்தில் சத்தியம் பண்ணினார். பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பதாகவும் சொன்னார். இருபத்திரண்டாயிரத்தில் தொடங்கிய பேச்சு பதினேழரையில் முடிந்தது. கம்பியைப் பழைய துவாயில் சுற்றிப் பின்சீற்றில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு ஓட்டினாள்.

ஸ்ரனிஸ்லாஸ் கம்பியைத் தூக்கிப் பார்த்து, "நல்ல சாமான்" என்று தலையாட்டினார். பொனட்டைத் திறந்து, இடப்பக்க நட்டுகளைக் கழற்றித் தட்டை வைத்தார். அச்சொட்டாக உட்கார்ந்தது. வலப்பக்கம் உட்காரவில்லை. தட்டின் ஓட்டைகள் போல்ட்டுகளைத் தாண்டிப்போய் நின்றன. கழற்றினார், திருப்பினார், வலப்பக்கத்தை முதலில் பூட்டிப் பார்த்தார். இப்போது இடப்பக்கம் உட்காரவில்லை.

"கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்றாள் ரூபிகா. "திருப்பிக் குடுப்பம்."

"கொஞ்சம் பொறுங்க மிஸ்."

கராஜின் மூலையில் அதே மொடல் நீலக் கார் ஒன்று சேர்விஸுக்கு வந்து நின்றது. ஸ்ரனிஸ்லாஸ் கம்பியை அதன் என்ஜினுக்கு மேலே வைத்தார். இரண்டு பக்கமும் சொல்லி வைத்ததுபோல உட்கார்ந்தது. இரண்டு கார்களையும் அளவு நாடாவால் மூன்று தரம் அளந்தார். பிறகு ரூபிகாவின் வெள்ளைக் காரின் வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே கைவிளக்கைப் பிடித்துக் கனநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பார்ல பிழையில்ல மிஸ். உங்க கார் ஒன்பது மில்லிமீற்றர் ஒடுங்கியிருக்கு. வலப்பக்கம் உள்ளுக்கு வந்திருக்கு. இது எங்க அடிபட்டது?"

"அடிபடேல்லையே."

"இஞ்ச பாருங்க, இந்தத் தகர மூட்டுல இருக்கிற பசை கையால பூசினது. கம்பனியில இப்படி விரல் தடம் இருக்காது. இந்த போல்ட்லயும் பெயின்ட் பட்டிருக்கு. பழைய அடியும் இல்ல. போன வருசத்து வேலை."

ரூபிகா குனிந்து பார்த்தாள். காய்ந்த பசையில் யாரோ ஒருவருடைய பெருவிரல் இழுத்த கோடு தெளிவாகத் தெரிந்தது.

"ஓட்டையைப் பெருசாக்கிப் பூட்டித் தரச் சொன்னா அஞ்சு நிமிச வேலை" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "நான் செய்ய மாட்டன். கோணலோட வச்சு இறுக்கின மாதிரிப் போயிரும். இத இழுத்து நிமித்தணும். அதுவரைக்கும் மெதுவா ஓடுங்க."

காரின் சாவி அவளிடமும் சிவபாலனிடமும்தான் இருந்தது. போன ஓகஸ்டில் தங்கையின் பிள்ளைப்பேற்றுக்காக அவள் யாழ்ப்பாணத்தில் ஆறு கிழமை இருந்தாள். திரும்பி வந்தபோது கார் மினுங்கியது. "பொலிஷ் போட்டனான்" என்று சிவபாலன் சொல்ல, அவள் சந்தோஷப்பட்டு நன்றி கூடச் சொன்னாள். வீடு திரும்பும் வழியில், காலி வீதியில் வரும்போது, அந்த நன்றியை நினைக்கத்தான் அவளுக்கு எரிந்தது. வெள்ளவத்தைச் சந்தையைத் தாண்டும்போது வேறொரு நினைப்பு வந்தது. யாரையாவது இடித்திருப்பானோ? கடற்கரைப் பக்கம் திருப்பிக் காரை நிறுத்தி, இறங்கி முன்பக்கத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

சிவபாலன் ஆறு மணி ரயிலில் வந்து பையை வைக்கும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"கார் எங்க அடிபட்டது?"

அவன் மறுக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தான்.

"வத்தளையில. பஸ் தரிப்பிடத் தூணில."

"ஆருக்கும் ஏதும் நடந்ததோ? உண்மையைச் சொல்லுங்கோ."

"இல்லை ரூபி. ஒருத்தருக்கும் இல்லை." அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "நீர்கொழும்பில ஒரு கலியாணவீடு. முடிஞ்சு வரேக்க பகல் ரெண்டு மணி. நான் நித்திரையாப் போனன். எப்ப கண்ணை மூடினன் எண்டே தெரியாது. சத்தத்திலதான் முழிச்சனான். பக்கத்தில இளநீர் விக்கிறவர் ஓடி வந்தார். தரிப்பிடத்தில ஆக்கள் இருக்கிற வாங்கில ஒரு தாயும் பிள்ளையும் இருந்தவையாம். இப்பதான் பஸ் ஏறிப் போகினம் எண்டு சொன்னார்."

அவன் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தான். மாடி யன்னலுக்குக் கீழே கடலோர ரயில் ஒன்று போய் முடிந்தது.

"அதுக்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடிக்க ஏலாமப் போச்சு" என்றான். "உமக்குச் சொல்ல ஒவ்வொரு நாளும் நினைப்பன்."

"நான் ஒவ்வொரு நாளும் அந்தக் காரில போறன். முன்பக்கம் கோணின கார். அது உங்களுக்குத் தெரியும்."

"கோணினது தெரியாது. எல்லாம் சரி எண்டு சொல்லித்தான் கராஜ்காரன் தந்தவன். நீர் சத்தம் கேக்குது எண்டு சொல்லேக்கதான் பயமா இருந்தது."

"அதாலதான் எழுபத்தையாயிரம் தாறன் எண்டனீங்கள்."

அவன் ஓம் என்று தலையை ஆட்டினான்.

அவள் எழும்பி இரவுச் சாப்பாட்டு வேலையைப் பார்க்கப் போனாள். கோபம் இருந்தது. அதோடு கூடவே, நோயாளிகளைப் பார்த்துப் பழகிய அவளது மூளை வேறொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. நட்டநடுப் பகலில், குடிக்காத மனுஷன், தெரியாமலே நித்திரையாகிறான். ரயிலிலும் அப்படித்தான், இரண்டு தரம் வெள்ளவத்தையில் இறங்காமல் கல்கிசை வரை போயிருக்கிறான். ஞாயிறுகளில் கதைத்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். அவனுடைய குறட்டையைச் சொந்தக்காரர் எல்லோரும் பகிடி பண்ணுவார்கள். குறட்டை நடுவில் நின்று, மூச்சு இழுத்துத் திரும்பத் தொடங்குவதை எத்தனை தரம் கேட்டிருக்கிறாள்! மற்றவர் வீட்டு மனுஷராக இருந்தால் எப்போதோ வைத்தியரிடம் போகச் சொல்லியிருப்பாள்.

மறுநாள் காலையில் தேநீரை அவன் முன்னால் வைத்து, "திங்கக்கிழமை லீவு போடுங்கோ. நெஞ்சு டொக்டரிட்டப் போறம்" என்றாள்.

பரிசோதனையில் அவள் நினைத்ததுதான் வந்தது. நித்திரையில் மூச்சு மணித்தியாலத்துக்கு முப்பது தரத்துக்கு மேல் தடைப்படுகிறது என்றார் வைத்தியர். முகத்தில் மாட்டுகிற ஒரு காற்று இயந்திரம் எழுதிக் கொடுத்தார். முதல் கிழமை சிவபாலன் அதைத் திட்டினான். மூன்றாம் கிழமை, பத்து வருடத்தில் இப்படி நித்திரை கொண்டதில்லை என்றான்.

காரை ஸ்ரனிஸ்லாஸ் தன் நண்பரின் பெரிய கராஜுக்குக் கொண்டுபோய் சங்கிலி போட்டு இழுத்து நிமிர்த்தினார். இரண்டு நாள் பிடித்தது. பிறகு சாம்பல் நிறக் கம்பி இரண்டு பக்கமும் ஒழுங்காக உட்கார்ந்தது. வளைவில் முனகல் இல்லை. இடப்பக்கம் இழுக்கவில்லை. கம்பியால் எவ்வளவு, நிமிர்த்தியதால் எவ்வளவு என்று ரூபிகா கேட்டாள். "முக்காவாசி நிமித்தினதாலதான் மிஸ்" என்று அவர் ஒளிக்காமல் சொன்னார்.

மே மாதத்துப் பௌர்ணமி விடுமுறையான போயா நாளில், வைத்தியரின் சம்மதத்தோடு, சிவபாலன் காரை எடுத்தான். கடலோர வீதியில் வாகனம் குறைவு. முப்பதுக்கு மேல் அவன் போகவில்லை. ஒரு ஓட்டோ முந்திப் போனது, ஒரு சைக்கிள்கூட முந்திப் போனது. ரூபிகா பக்கத்தில் இருந்தாள்.

பம்பலப்பிட்டி தாண்டியதும், "எனக்கு இன்னும் கோவம் போகேல்லை" என்றாள்.

"தெரியும்."

"இனி எது எண்டாலும் அண்டைக்கே சொல்லோணும்."

"ஓம்" என்றான் அவன், வீதியை விட்டுக் கண்ணை எடுக்காமல். கொள்ளுப்பிட்டிச் சமிக்ஞையில் சிவப்பு விழுந்தது. கோட்டுக்குப் பின்னால் நன்றாகத் தள்ளியே நிறுத்தினான்.