மூன்றாவது கியரில் ஒரு தட்டல்

ரத்தினசாமிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றெல்லாம் இல்லை. கல்யாணமான அன்றிலிருந்து மனைவி சம்பூர்ணத்திடம் தினம் இரண்டு சொல்கிறவர்தான். ஆனால் வண்டி விஷயத்தில் மட்டும் வாய் தவறியும் சொன்னதில்லை.

ஆம்பூர் பைபாஸ் ஓரம் அவர் ஷெட். காதாலேயே எஞ்சினுக்கு டைமிங் வைப்பார் என்று வேலூர் வரைக்கும் பேர். அந்தப் பேரை நம்பித்தான் வக்கார் அகமது பாய் தன் பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை அவரிடம் விட்டிருந்தார். அறுபத்தேழாம் வருசத்து வண்டி. ஆசை யாரை விட்டது? கேம் ஷாஃப்ட்டை மாற்றி, ஹெட்டைச் சீவி, எஞ்சினை முறுக்கேற்றி வைத்திருந்தார் பாய். கம்பெனி புத்தகத்தில் போட்ட டைமிங் இனி அதற்குச் செல்லாது. பிளக்கில் பொறி கொஞ்சம் முந்தினால் வண்டி பறக்கும். இன்னும் கொஞ்சம் முந்தினால் ஏற்றத்தில் கிணுகிணுவென்று ஒரு மெல்லிய தட்டல் வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் ஓட்டைதான்.

ரத்தினசாமி பொறிக்கு நேரம் வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்பி இறுக்கினார். இருவரும் கிளம்பினார்கள். மேம்பாலத்து ஏற்றத்தில், மூன்றாவது கியரில், பாய் ஆக்சிலேட்டரை முழுசாக அழுத்தினார். ரத்தினசாமி கண்ணை மூடிக் கேட்டார். சுத்தமாக இருந்தது.

"இன்னா ரத்தினம், ஏதோ கிணுகிணுன்னு தட்டுதே?"

ரத்தினசாமிக்குக் குப்பென்று வியர்த்தது. ஆறு மாசமாகவே சந்தேகம்தான். கொசு காதோரம் பாடுவது நின்றுபோயிருந்தது. ஊரில் கொசு குறைந்துவிட்டது என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

"வால்வு டாப்பெட் தட்டுற சத்தம் பாய். புது கேம் இல்ல? அப்படித்தான் இருக்கும்."

"நீ சொன்னா சரி. நாளைக்கு ஏலகிரி ஏறப்போறேன். உமைமாவும் கூட வர்றா."

நீ சொன்னா சரியாம்! ஒரு வார்த்தை சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா இந்த மனுசன்? பதினாலு கொண்டை ஊசி வளைவு. எதில் பிஸ்டன் போகுமோ, மகளை வைத்துக்கொண்டு நடுமலையில் நிற்பார். உண்மையைச் சொன்னாலோ, காது போன மெக்கானிக்கிடம் எவன் வண்டி விடுவான்? ஷெட்டை இழுத்து மூட வேண்டியதுதான்.

"ஓரம் கட்டுங்க பாய்."

வண்டி நின்றது.

"அது டாப்பெட் இல்ல. எனக்கு அந்தச் சத்தமே கேக்கல. காது போய்டுச்சு பாய்."

பாய் எஞ்சினை அணைத்தார். கத்தப்போகிறார் என்று ரத்தினசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க ஷேவிங் மெஷின்ல எத்தினி வருசம் நின்ன?"

"பதினாலு."

மெக்கானிக் ஆவதற்கு முன்னால் ரத்தினசாமி பாயின் அப்பா நடத்திய தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். தோலை மெலிதாகச் சீவும் மெஷின் அது. போடுகிற இரைச்சலில் பேச்சு எடுபடாது. எல்லாம் கைஜாடைதான். உள்ளங்கையைக் கவிழ்த்தால் 'கம்மி பண்ணு', முஷ்டி மடக்கினால் 'போதும், சரி' என்று அர்த்தம். தொழில் பழகட்டும் என்று பாயையும் அவர் அப்பா அங்கேதான் நிறுத்தினார்.

"நான் ஒரு வருசத்துல தப்பிச்சு ஓடிட்டேன்," என்றார் பாய். வண்டியைத் திருப்பினார்.

மறுபடி அதே ஏற்றம். இந்தத் தடவை ரத்தினசாமி கண்ணை மூடவில்லை. பாயின் இடது கையையே பார்த்தார். பாதி ஏற்றத்தில் உள்ளங்கை கவிழ்ந்தது. ரத்தினசாமி இறங்கிப் பொறியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். அடுத்த ஓட்டத்திலும் கவிழ்ந்தது. மூன்றாவது ஓட்டத்தில் உச்சிக்குப் போனபோது கை முஷ்டியாக மடங்கியது. அப்பாடா!

இறக்கம் வந்தும் பாய் முஷ்டியைப் பிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"வண்டி சரியாய்டுச்சு ரத்தினம். உன் காதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

ரத்தினசாமி ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என்னை விடுங்க பாய். இப்போ உங்க ஷாப்புல அந்த மெஷின்ல ஒருத்தன் நிக்கிறான் இல்ல, அவன் காதுக்கு எதாச்சும் பண்ணுங்க."