சுவரில் இறங்கிய கோடு

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை நடந்த பிறகு அவள் வலது கை மரக்கட்டைபோல் விறைத்துக் கிடந்தது. பயிற்சியாகத் தினமும் விரல்களைச் சுவரில் மேலே நகர்த்தி, எட்டிய இடத்தில் பென்சில் கோடு போட வேண்டும். மறுநாள் அதைக் கொஞ்சம் தாண்டினால் போதும். முதலில் வலியில் அழுதாள். இப்போதெல்லாம் சுலபமாகத் தாண்டினாள்.

இன்று பிசியோதெரபிஸ்ட் கையைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "தோள் இன்னும் இறுகிப்போச்சேக்கா. பயிற்சி பண்றதே இல்லையா?"

கடுகடுவென்று வீடு திரும்பியவள் சுவரை உற்றுப் பார்த்தாள். கோட்டுக்கு மேலே ரப்பரால் அழித்த தடங்கள்.

கணவன் தலை குனிந்துகொண்டான். "நீ அழறதப் பாக்க மனசு கேக்கல. அதான் தெனமும் கொஞ்சம் இறக்கி வரைஞ்சேன்."

அவள் பென்சிலை நீட்டினாள்.

"பழைய எடத்துலயே நீங்களே போடுங்க. எனக்குத்தான் எட்டாதே."