கட்டிய தாடை

கிட்டே வாருங்கள், என் கண்ணுகளா. தேநீர் கொதித்து இறங்குவதற்குள் மூச்சைப் பற்றி ஒரு கதை சொல்லிவிடுகிறேன். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோல்கா ஊரில் லமீன் என்று ஒருவன், பேரீச்சை மரம் ஏறுகிறவன். அடர்ந்த தாடி, சிரித்த முகம். மதியச் சாப்பாடு முடிந்து ஊரே கதவைச் சாத்தி உறங்கும்போது அவன் குறட்டை அடுத்த சந்து வரை கேட்கும். அவன் மனைவி மஹ்பூபா அதற்குப் பயப்படவில்லை. குறட்டை சட்டென்று நின்றுபோகுமே, அதற்குத்தான் பயந்தாள். நெஞ்சு எம்பும், மூச்சு வராது. பிறகு கிணற்றில் விழுந்து மீண்டவன் போல இழுத்து வாங்குவான். எழுந்தால் அவனுக்கு ஒன்றும் நினைவிருக்காது. அந்தத் தூக்கக் கலக்கத்தோடு ஒருநாள் மரம் ஏறி, நடு மரத்தில் கண் சொருகி, மார்பெல்லாம் சிராய்த்துக்கொண்டு சறுக்கி வந்தான்.

"நெஞ்சு மேல பூதெல்லிஸ் உக்கார்றான்டி" என்றாள் மாமியார் ஜாஸியா. தூங்குகிறவர்களை அமுக்கும் பேய் அது. தலையணைக்கடியில் கத்தி வைத்தாள்.

"கத்திக்கும் போகலியே, யெம்மா" என்றாள் மஹ்பூபா.

"இவன் வாயைக் குகை மாதிரி தொறந்து வச்சிருக்கான். அவன் வராம என்ன செய்வான்? மூடிட்டாப் போச்சு."

லமீன் சிரித்தான். "குறட்டை விட்டா ஊரு திட்டுது. விடலைன்னா இவ அழுவுறா. எதையாவது கட்டித் தொலைங்க, நான் தூங்கணும்."

ஜாஸியா தன் தலைத்துணியை மடித்து, மகனுடைய தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். அவன் மல்லாந்து படுத்தான். கொஞ்ச நேரத்தில் சத்தமே இல்லை.

"பாத்தியா, பச்சப்புள்ள மாதிரி தூங்குறான்!"

மஹ்பூபா பார்த்தாள். அப்படிக் கட்டிய முகத்தை அவள் முன்பு ஒருமுறைதான் பார்த்திருக்கிறாள், தன் தகப்பனைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது. லமீனின் வயிறு துடித்துக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"விடுடி, எழுப்பாத!"

"மூச்சு இல்ல, யெம்மா!"

துணியைப் பிய்த்தெறிந்தாள். தாடிக்குள் விரலை விட்டு, மோவாயைப் பற்றி முன்னால் இழுத்தாள். காற்று ஓவென்று உள்ளே போனது. பயந்து கையை எடுத்தாள், மறுபடி அடைத்தது. இழுத்தாள், திறந்தது. அவன் விழிக்கும்வரை அவள் கையை எடுக்கவேயில்லை.

அவனைப் பிஸ்க்ரா நகரத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே தாடை பார்க்கும் மருத்துவர் அம்மா அவன் தாடியை ஒதுக்கித் தடவினார். "கீழ்த்தாடை ரொம்பப் பின்னால இருக்கு. தாடி மறைச்சிடுச்சு. மல்லாந்து தூங்கினா நாக்கு சரிஞ்சு தொண்டையை அடைக்குது. கட்டினா இன்னும் பின்னாலதான் போகும்."

ஜாஸியா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் கையாலயே கட்டினேனே…" என்றாள்.

தூங்கவைத்து மூச்சைச் சோதித்தார்கள். கீழ்த்தாடையை முன்னுக்குப் பிடித்து நிறுத்தும் பல்தகடு ஒன்று செய்து கொடுத்தார்கள். மருத்துவர் சரி என்னும்வரை மரம் ஏறக்கூடாது என்றார்கள்.

தகடு போட்ட முதல் மதியம் அவன் ஒருக்களித்து உறங்கினான். இரு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சு வந்தது, போனது, வந்தது.

"நீ போய்ப் படு" என்றாள் ஜாஸியா.

"நீங்க படுங்க, யெம்மா."

இருவரும் எழவில்லை.

உங்கள் வீட்டில் கண்மூடுகிறவர்கள் எல்லோரும் நல்ல மூச்சோடு கண்திறக்கட்டும், என் செல்வங்களே. அவர்கள் மூச்சுக்குக் காது கொடுக்க ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.