வெள்ளைத் தூளில் சிவப்பு

கிழக்கு வெளுக்கும் நேரத்தில் பாறை வெடித்தது. காலடி மண் நடுங்கிற்று. சத்தம் கல்வராயன் மலையில் மோதித் திரும்பியது. தூசி அடங்குமுன்பே சம்மட்டியும் கூடையுமாய் முப்பது பேர் குவாரிப் பள்ளத்தில் இறங்கினார்கள்.

சடையன் நாலு அடி அடித்தான். ஐந்தாவதுக்குள் இருமல் அவனை மடக்கியது. நெஞ்சில் காசம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை இன்று இரண்டாம் நாள். ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் ஒதுங்கியவன் அப்படியே உறைந்து நின்றான். வெள்ளைக் கல்தூளில் சிறுநீர் செம்மண் கரைத்தது போல் ஓடியது.

"இன்னாடா, ஒதுங்கப் போன எடத்துலயே குடித்தனமா? மேஸ்திரியோட போட்டியா?" என்று பெரியம்மாள் கத்தினாள். பள்ளம் சிரித்தது. நாலு மாதமாய் மேஸ்திரி அரங்கநாதன் ஒதுங்குவதற்கு ஓடைப் புதர்வரை நடக்கிறார்; கூலியாட்களுக்கு அது தினசரிக் கேலி.

சடையன் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையை மட்டும் நிறுத்தினான்.

ஐந்தாம் நாள், கூரையில் செருகியிருந்த பொட்டலம் மனைவி சாலம்மாளிடம் அகப்பட்டது.

"இன்னாய்யா இது?"

"அது ஒடம்ப அறுக்குது புள்ள. ரத்தமாப் போச்சி. நிறுத்தினேன், நின்னுடுச்சி."

"காய்ச்சலு நின்னுச்சா?"

அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

அது எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு மறியல். சேலம் சாலை நெடுக மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன, பஸ் இல்லை. சாலம்மாள் புருஷனை நடத்தியே கூட்டிப்போனாள். ஒவ்வொரு மரத்தையும் ஏறிக் கடந்ததும் அவன் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

"மொத நாளே சொன்னேனே. தலைய ஆட்டினீங்களே," என்றார் டாக்டரம்மா.

வேட்டுச் சத்தத்தில் மந்தமான காது அவனுடையது. கேட்காததற்கெல்லாம் தலையாட்டுவது குவாரிப் பழக்கம்.

"இந்தப் பக்கமா சொல்லுங்கம்மா," என்று சாலம்மாள் அவனது வலக்காதைக் காட்டினாள்.

டாக்டரம்மா அவனைச் சோதித்துவிட்டு, குனிந்து, உரக்கச் சொன்னார்: "அது ரத்தமில்ல, மாத்திரையோட சாயம். ஆறு மாசமும் ஒரு நாள் விடாம வெறும் வயித்துல போடணும். பாதியில விட்டா கிருமி மருந்துக்கு அடங்காது. கண்ணு மஞ்சளானாலும், வாந்தி வந்தாலும் ஒடனே இங்க வாங்க. நீங்களா நிறுத்தாதீங்க."

மூன்று வாரம் தவறாமல் போட்டான். காய்ச்சல் விட்டது. வெள்ளைத் தூளில் அப்போதும் சிவப்பு. இந்த முறை அதைப் பார்த்தவர் முதலாளி.

"ரத்தமா ஒண்ணுக்குப் போறவனுக்கு இங்க இன்னா வேலை? நாளைக்கி செத்துட்டா, கல்லுத் தூசியாலதான்னு எம்மேல கேஸு போடுவீங்க. இன்னிக்கே வூட்டக் காலி பண்ணு."

குடிசை இருப்பது குவாரி நிலத்தில். வேலை தேடி ஊர் ஊராய் அலைந்தால் மாத்திரை பாதியில் அறுந்துபோகும். சாலம்மாள் முன்னால் வந்தாள்.

"அது மாத்திர சாயங்க. தவறாமப் போட்டா நோவு அடுத்தவங்களுக்கு ஒட்டுறதும் நின்னுடும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"எதுக்குக் கத்துற?"

"ஒங்களுக்கும் வேட்டுல காது போச்சோன்னுதாங்க."

யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மாள் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். "அவன் வூடு காலின்னா எங்க வூடும் காலிதாங்க. ஜல்லிய நீங்களே ஒடைச்சிக்கிங்க." பக்கத்தில் ஒரு சம்மட்டி விழுந்தது. அப்புறம் இன்னொன்று. பள்ளத்தில் சத்தம் ஒவ்வொன்றாய் அடங்கி, கடைசியில் லாரி எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

முதலாளி திரும்பினார். "மேஸ்திரி, அவன் சட்டி பானையத் தூக்கி வெளிய போடு."

அரங்கநாதன் நகரவில்லை. கழுத்துத் துண்டை எடுத்து மெதுவாய் மடித்தார்.

"அப்ப எஞ் சட்டியையும் தூக்கிப் போடுங்க மொதலாளி. நாலு மாசமா எனக்கும் செவப்பாத்தான் போவுது."